கடைசி வரி வரைக்கும்

அத்தியாயம் 14

கைக்கொரு ஷூவைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, காப்பிச் செடிகளுக்கு நடுவே காயத்ரி ஓடிக்கொண்டிருந்தாள்.

முதுகில் புத்தகப் பை தொம் தொம்மென்று அடித்தது. பனியில் நனைந்த இலைகள் முகத்தில் அறைந்தன. மார்கழிக் குளிர் பாதத்தில் ஊசியாக ஏறியது. நிற்க நேரமில்லை.

மேலே, வாழவந்தியிலிருந்து கிளம்பிய பஸ் முதல் வளைவில் ஹாரன் அடித்தது.

அந்த பஸ்ஸில் பாவாயி அத்தை இருக்கிறாள். அத்தையின் கூடையில் ஒரு பழுப்புக் கவர் இருக்கிறது. அந்தக் கவர் தனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரக்கூடாது.

ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு வரும். தோட்டத்துப் பாதை நேராக இறங்கும். மிளகுக் கொடி படர்ந்த சவுக்கு மரத்தைப் பிடித்து ஒரு திருப்பம், கல்கட்டிலிருந்து ஒரு குதி. ரோட்டின் நட்டநடுவில் போய் நின்றாள் காயத்ரி. இரண்டு ஷூக்களையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

பஸ் கிரீச்சிட்டு நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்.

“ஏம்மா, வுளுந்து சாவறதுக்கு எம்பட பஸ்ஸுதான் கெடைச்சுதா?”

“ஸ்டாப் இங்கதானுங்களே!”

“ஸ்டாப்புன்னா ஓரமா நிக்கோணும். நடு ரோட்டுல நின்னா அதுக்குப் பேரு மறியலு. ஏறு, ஏறு!”

மூன்றாவது சீட்டில் பாவாயி அத்தை, பேய் ஏறுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கூடையை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

“குளிக்கப் போனவ இங்க எப்படீடி வந்தே?”

“நீங்க மாவு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு எப்படி வந்தீங்களோ, அப்படித்தாங்க அத்தே.”

பக்கத்து சீட்டுக்காரர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

* * *

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை, அடுப்படியில் அத்தை போனில் கிசுகிசுத்தது காயத்ரியின் காதில் விழுந்திருந்தது. “கவர் வந்துருச்சு தம்பி. செவ்வாக்கெழம கொண்டுபோய்க் குடுத்தர்றேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

தம்பி என்றால் காயத்ரியின் அப்பா சந்திரசேகர். மஸ்கட்டில் பெரிய கேன்டீன் ஒன்றின் மேற்பார்வையாளர். அம்மா கவிதா அங்கேயே நர்ஸ். ‘கவர்’ என்றால் என்ன என்று, செவ்வாய்க்கிழமை என்ற சொல்லிலேயே காயத்ரி ஊகித்துவிட்டாள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் தமிழ்த்தாள் எழுதுவதிலிருந்து அவளுக்கு விலக்குக் கேட்டு, அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம்.

என் மகளுக்குத் தமிழ் வராது என்று பெற்ற அப்பாவே எழுதித் தரும் சர்டிபிகேட்.

பள்ளிக்கூடத்துப் பட்டியல் இன்று மூன்று மணிக்கு மேலிடத்துக்குப் போகிறது. அதற்குள் காயத்ரியின் பெயர் தமிழ்த்தாள் பக்கம் ஏறவேண்டும். ஏறாவிட்டால் இந்த ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் கிடையாது.

எட்டாம் வகுப்பு முடியும்வரை மஸ்கட்டில்தான் படித்தாள். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். வீட்டில் தமிழ் உண்டு. ஆனால் அது பேச்சோடு சரி. அம்மாவுக்கு இரவு டூட்டி என்றால் அப்பாவுக்குப் பகல் டூட்டி. மூவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் நாள் வாரத்துக்கு ஒன்று. மற்ற நாட்களில் பிரிட்ஜ் கதவில் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள்தான் குடும்பம். பால் காய்ச்சு, கதவைத் தாழ் போடு, ஹோம்ஒர்க் முடி. மகளுக்குப் புரிய வேண்டுமே என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே எழுதினார்கள். தமிழ் எழுத்து அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்காட்டு மலைக்கு, வாழவந்தி அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த மூன்றாம் வாரமே ஒரு சாயங்காலம் போர்டு படிக்கத் தெரியாமல் தப்பான பஸ்ஸில் ஏறி, சேலம் போகும் மலைப்பாதையில் ஆறு வளைவு இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. இறங்கி, அழுதுகொண்டே நடந்து ஏறினாள். மறுநாள் வகுப்பில் அவளுக்குப் பெயரே மாறிவிட்டது. “டேய், மஸ்கட்டு வருதுடா!”

அதைவிடச் சுட்டது வேறொன்று. வீட்டில் யாரும் அவளிடமிருந்து எதையும் ஒளிப்பதில்லை. ஒளிக்க அவசியமில்லை. கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரிச் சீட்டு, உறவுக்காரர்களின் கடுதாசி, காலண்டரில் அத்தை கிறுக்கி வைக்கும் குறிப்பு எல்லாம் கண்ணெதிரே கிடக்கும். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே. பூட்டே போடாத வீட்டில், அவள் ஒருத்திக்கு மட்டும் எல்லாக் கதவும் பூட்டியிருந்தது.

பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் தமிழ் பதினொன்று.

அன்றைக்கு வைராக்கியம் பிடித்தவள்தான். பக்கத்து வீட்டு சரண்யா மூன்றாம் வகுப்பு. அவளுடைய புத்தகத்தைக் கடன் வாங்கினாள். சரண்யா சும்மா கொடுக்கவில்லை, வாத்தியாராகவே மாறிவிட்டாள். “அக்கா, ‘ழ’னா வாலு பாம்பு மாரி இருக்கு. அழிச்சிட்டு மறுக்கா பத்து தடவ எழுது!” பதினைந்து வயசுக்காரி எட்டு வயசுக்காரியிடம் தலையில் குட்டு வாங்கினாள். வாங்கிக்கொண்டே, கடை போர்டு, பஸ் போர்டு, உரமூட்டை, தீப்பெட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டினாள்.

அத்தைக்கு இது எதுவும் தெரியாது. தெரியவேண்டாம் என்றுதான் இருந்தாள்.

* * *

“அதெல்லாம் பெரியவீங்க முடிவு பண்ணியாச்சு கண்ணு,” என்றாள் அத்தை, பஸ் மறுபடி உறுமிக் கிளம்பியதும். “தமிழ்ல போயிருச்சுன்னா ஒரு வருசம் வீணாப் போயிரும். உங்கொப்பன் உன் நல்லதுக்குத்தான் சொல்றான்.”

“நான் எழுதறனுங்க அத்தே. பாஸ் பண்ணுவேன்.”

“பதினொண்ணு வாங்குன வாயிதானே இது?”

“பதினொண்ணு வாங்குனது கை. வாயில்லீங்க.”

“வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அப்படியே எங்கம்மா வாயி.” அத்தைக்குச் சிரிப்பு வந்தது, வந்ததை விழுங்கிக்கொண்டாள். “காத்தால போன் பண்ணானல்ல, அப்பவே அவன்கிட்டச் சொல்லிருக்க வேண்டியதுதானே?”

சொல்லத்தான் சொன்னாள். காலை ஏழு மணிக்கு வீடியோவில் அப்பா வந்தார். வழக்கமான வெள்ளைச் சுவர். காதோரம் மஞ்சளாக வெயில் விழுந்திருந்தது. தாடி நரைத்திருந்தது. “அம்மா எங்கப்பா?” என்றால், “டூட்டி சாமி.” அம்மா போன் செய்யும்போது அப்பா எங்கே என்றாலும் அதே டூட்டிதான். இருவரையும் ஒரே திரையில் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று!

“அப்பா, நான் தமிழ் எழுதுவேன்,” என்றாள்.

அப்பா எங்கோ பார்த்துக்கொண்டு, “ரிஸ்க் வேண்டாம்டா,” என்றார். லைன் அறுந்துவிட்டது.

இப்போது அத்தை கூடைக்குள் கைவிட்டுக் கவரை எடுத்தாள். மருமகளின் கண் அதிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு, அலுப்போடு நீட்டினாள்.

“இந்தா, நீயே வெச்சிரு. கையில வெச்சிருந்தாலும் உனக்கு என்ன தெரியப்போவுது? கிழிச்சுப் போட்டீன்னா மட்டும் தோலை உரிச்சுப்போடுவேன்.”

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் சாதாரணக் கவர். ஸ்டாம்ப் இல்லை, கொரியர் ஸ்டிக்கர் இல்லை.

“ஓமான்லருந்து இப்படியேவா வந்துச்சு?”

“அந்தக் கவரு நனைஞ்சு போச்சு. நாந்தான் மாத்திப் போட்டேன்.” அத்தை அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பினாள். “பனியப் பாரு, நொம்பக் குளிருது.”

காயத்ரி கவரைத் திருப்பிப் பார்த்தாள். கிழித்து ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம். பள்ளத்தாக்கில் விழுந்தால் யாரும் எடுக்கமுடியாது. ஒரு நிமிஷம் விரல் துடித்தது.

எறிந்தால், பயந்து எறிந்ததாகத்தான் ஆகும். கவரைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு ஷூ லேஸைக் கட்டினாள்.

* * *

தலைமையாசிரியை வேலம்மாள் டீச்சர் பத்தாம் வகுப்புக்குத் தமிழும் எடுப்பவர். வருகிற ஜூனில் ஓய்வு. மேஜைமேல் பட்டியல் விரித்திருந்தது. கையில் சிவப்பு மை பேனா.

“வாங்க பாவாயி, உக்காருங்க. சந்திரசேகர் லெட்டரா? குடுங்க, குடுங்க. அவனுக்கும் நாந்தான் தமிழ் எடுத்தேன். மத்ததுல எப்படியோ, லெட்டர் எழுதறதுல ஒரு மார்க் விட்டுக்குடுக்க மாட்டான்.”

காயத்ரி கவரைக் கொடுத்தாள். கொடுத்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“மிஸ், நான் தமிழ் எழுதறேன். என் பேரை அந்தப் பக்கம் போட்டுருங்க.”

வேலம்மாள் டீச்சர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

“போன மாசம் வாசிக்கச் சொன்னப்ப, வேற பக்கத்தைத் தொறந்து வெச்சுக்கிட்டு கேட்ட பாடத்தை மனப்பாடமா ஒப்பிச்சவதானே நீ?”

“ஆமாங்க மிஸ். இப்ப அப்படி இல்ல. எதை வேணும்னாலும் குடுங்க, படிச்சுக் காட்டறேன்.”

“பாடப் புஸ்தகம் குடுத்தா மனப்பாடம்னு நான் சந்தேகப்படுவேன். பேப்பரைக் குடுத்தா காத்தால படிச்சுட்டு வந்திருப்பே.” டீச்சர் மேஜையைத் துழாவினார். கை, பழுப்புக் கவரில் வந்து நின்றது. ஓரத்தைக் கிழித்தார். நாலாக மடித்த ஒரே தாள். “இதையே படி. கையெழுத்து லெட்டர். நானும் இன்னும் பாக்கல. நீயும் பாத்திருக்க மாட்டே.”

பாவாயி அத்தை நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

“ஏனுங்க டீச்சர், அது பெரியவீங்க விசயமுங்க. புள்ள கையில எதுக்குங்க…”

“புள்ளயப் பத்தின விசயந்தானே? அவளே படிக்கட்டும்.” டீச்சர் காயத்ரியின் பக்கம் திரும்பினார். “அஞ்சு எடத்துல நிக்கலாம். ஆறாவது தடவ நின்னா உங்கப்பன் லெட்டர் செல்லும். நிக்காமப் போனா நீ சொல்றது செல்லும். சம்மதமா?”

“சம்மதங்க மிஸ்.”

தாளைப் பிரித்தாள். நீல மை. அப்பாவின் கையெழுத்து. வாழ்நாளில் முதல் தடவையாக அப்பா எழுதிய தமிழைப் பார்க்கிறாள். அச்செழுத்து மாதிரி அடங்கி உட்காரவில்லை. ஒன்றின் தோள்மேல் ஒன்று சாய்ந்து ஓடியது.

விரலை முதல் வரியில் வைத்தாள்.

“அனுப்புநர். ம. சந்திரசேகர், மஸ்கட், ஓமான். பெறுநர். தலைமையாசிரியை அவர்கள்.”

டீச்சரின் புருவம் உயர்ந்தது. அத்தையின் வாய் திறந்தது, திறந்தபடியே இருந்தது.

“மதிப்…பிற்குரிய அம்மா, வணக்கம்.”

டீச்சர் ஒரு விரலை மடக்கினார். ஒன்று.

“என் மகள் காயத்ரி தங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எட்டாம் வகுப்பு முடியும்வரை அவள் எங்களுடன் ஓமானில் வளர்ந்தவள். நானும் என் மனைவியும் மாறி மாறி வேலைக்குப் போனதால், அவளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு நேரம் வா… வாய்க்…”

நின்றாள். எழுத்து நீரில் கரைவதுபோல் ஆடியது. இரண்டாவது விரல் மடங்கியது.

“வாய்க்கவில்லை. அது எங்கள் குற்றம். அவள் குற்றமல்ல.”

அப்பா இப்படி ஒரு வார்த்தையை வாயால் சொன்னதே இல்லை. தாளில் சொல்லியிருக்கிறார், அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில்.

“போதும் கண்ணு,” என்றாள் அத்தை. “படிச்சுட்டயல்ல, போதுஞ்சாமி.”

காயத்ரி நிமிரவில்லை. அடுத்த வரி.

“அவளுக்குத் தமிழ் எழுதவும் படிக்கவும் தெரியாது. இனிமேல் வருமென்ற நம்பிக்கையும் எனக்கில்லை.”

அந்த வரியில் மட்டும் அவள் நிற்கவே இல்லை. கடகடவென்று, ஒவ்வொரு எழுத்தையும் பல்லால் கடித்துத் துப்புவதுபோலப் படித்தாள். வேலம்மாள் டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார்.

‘விண்ணப்பிக்கிறேன்’ என்ற சொல்லில் மூன்றாவது விரல். ‘இயலாத நிலையில்’ என்பதில் நான்காவது. நெற்றியில், இந்தக் குளிரிலும், வியர்வை.

“நான் நேரில் வர இயலாத நிலையில் இருப்பதால், இக்கடிதத்தை என் அக்காள் மூலம் அனுப்புகிறேன். என் மகளின் ஒரு வருடம் வீணாகாமல் காப்பாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் பழைய மாணவன், ம. சந்திரசேகர்.”

வேலம்மாள் டீச்சர் மடக்காமல் மிச்சமிருந்த கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். தமிழ்த்தாள் பத்தியில், முப்பத்தொன்றாவது வரியில், சிவப்பு மையில் எழுதினார். காயத்ரி, ச.

“பாவாயி, உங்க தம்பி ஒரு விசயத்துல தப்பாச் சொல்லிட்டான். நீங்களே கேட்டீங்க,” என்றார். “லெட்டரைக் குடும்மா. நீ ஜெயிச்சுட்டே.”

காயத்ரி கொடுக்கவில்லை.

“இன்னும் ரெண்டு வரி இருக்குதுங்க மிஸ்.”

“அதான் கையெழுத்து முடிஞ்சுதே?”

“கையெழுத்துக்குக் கீழ, இடது ஓரத்துல இருக்குதுங்க. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. நாளும் எடமும் இல்லாட்டி அது லெட்டரே இல்ல, துண்டுச் சீட்டுன்னு.”

அத்தையின் கண் தாளின் அடிப்பக்கத்துக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. சட்டென்று கை நீண்டது.

“காயத்ரீ, அதைக் குடு. குடுங்கறேனில்ல!”

காயத்ரி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். இனி யாரும் தனக்காக எதையும் பாதியில் நிறுத்தவேண்டாம்.

“நாள். பதிமூன்று, பன்னிரண்டு, இரண்டாயிரத்து இருபத்தைந்து.”

சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைதான் அத்தை ‘கவர் வந்துருச்சு’ என்றாள். மஸ்கட்டில் சனிக்கிழமை எழுதியது, மறுநாளே வாழவந்திக்கு எப்படி வரும்?

காலையில் அப்பாவின் காதோரம் விழுந்த மஞ்சள் வெயில் நினைவுக்கு வந்தது. இங்கே ஏழு மணி என்றால் மஸ்கட்டில் ஐந்தரை. டிசம்பர் மாதம் அங்கே அந்நேரம் கும்மிருட்டு. எட்டு வருஷம் அந்த இருட்டில் எழுந்து ஸ்கூல் பஸ்ஸுக்குக் கிளம்பியவள் அவள்.

கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“இடம்.”

அனுப்புநர் முகவரியில் யோசித்துப் பொய்யெழுதிய அதே கை, இருபத்தேழு வருஷத்துக்கு முன் வேலம்மாள் டீச்சர் பழக்கிய பழக்கத்தில், யோசிக்காமல் உண்மையை எழுதியிருந்தது. மூன்றே எழுத்து. மலைப்பாதையில் ஆறு வளைவு இறங்கி அழுத அன்று, அவள் படிக்கத் தெரியாமல் ஏறிய பஸ்ஸின் நெற்றியில் இருந்த அதே மூன்று எழுத்து.

“சேலம்,” என்றாள் காயத்ரி.

வேலம்மாள் டீச்சர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். வெளியே பிரேயர் மணி அடித்தது. பாவாயி அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள்.

“எப்ப வந்தாருங்க அத்தே?”

அத்தை முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“அத்தே. எனக்கு இப்பப் படிக்கத் தெரியும். நீங்க சொல்லாட்டியும் ஊட்டுல இருக்கற ஒவ்வொரு சீட்டையும் எடுத்துப் படிச்சுப்போடுவேன். எப்ப வந்தாரு?”

அத்தை தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“ஆடி மாசமே வந்துட்டான் கண்ணு.”